குப்பைக்கூடையை வெளியே வை

இன்று காலை குப்பைக்கூடையை வாசலில் வைத்தபோது மேலாகவே ஒரு சாளை மீன் முள் கிடந்தது. தள்ளுவண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கல்லூரியில் பாடமெடுக்கப் போக நேரமாகிவிட்டது. இப்போதும் என்னைத் தாமதமாக்குவது நீதான்.

நாகர்கோவிலில் எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் படித்தபோது ஒரு சுத்த சைவ வீட்டின் மாடியில் உனக்கும் எனக்கும் அறை கிடைத்தது. வீட்டுக்காரம்மாவுக்குப் பீனிசம், வாசனையே தெரியாது. அறைக்குள்ளும் வரமாட்டார். நாம் தினமும் கதவுக்கு வெளியே வைக்கும் குப்பைக்கூடையைக் குனிந்து பார்ப்பார், அவ்வளவுதான். முள் கிடந்தால் அன்றே பெட்டி கட்ட வேண்டும். நீயோ கடலோரத் தேங்காய்ப்பட்டணத்துக்காரி. ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் உன் பையில் புத்தகத்துக்கு அடியில் பொரித்த சாளை இருக்கும்.

எனக்கு நோயெதிர்ப்பியல் தலையில் ஏறவே இல்லை. என் ஊர் கல்சிற்பத்துக்குப் பேர்போன மயிலாடி. "மயிலாடிக்காரிக்கு மண்டையும் கல்லுதான்" என்று சிரித்துவிட்டு, சாளையைத் தின்றபடியே பாடம் நடத்தினாய்.

"ஒவ்வொரு செல்லும் ஒரு ரூமு, கேட்டியா? உள்ள இருக்க புரதத்த துண்டு துண்டா நறுக்கி, கொஞ்சத்த வெளிய கூடையில வச்சிரணும். காவல் சுத்துத டி-செல்லு நம்ம வீட்டுக்காரம்மா. உள்ள வராது, கூடையத்தான் பாக்கும். வைரஸுக்க துண்டு கிடந்தா ரூமோட காலி."

"அப்போ வைரஸ் சும்மா இருக்குமா?"

"நாம சும்மாவா இருக்கோம்?"

முதல் தந்திரம், முள்ளைக் கூடைக்கே போகவிடாமல் தடுப்பது. சில வைரஸ்கள் துண்டு ஏறிப்போகும் வழியையே அடைத்துவிடுமாம். நீ முள்ளைக் காகிதத்தில் சுற்றி என் பையில் திணித்தாய். அன்று கல்லூரிப் பூனை வகுப்பு முடியும்வரை என் காலடியை விட்டு நகரவில்லை.

அடுத்த தந்திரம், கூடையையே வெளியே வைக்காமல் இருப்பது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற போலீஸ். கூடைக்குள் என்ன கிடக்கிறது என்று ஒருநாளும் பார்க்காத மனிதர், கூடையைக் காணோம் என்றதும் கதவை இடித்தார். "இவருதான் ஏட்டி என்.கே. செல்லுங்குத இன்னொரு காவலு, கூடை இல்லன்னாத்தான் வருவாரு" என்று என் காதில் கிசுகிசுத்தாய். சிரிப்பை அடக்கமுடியாமல் நான் இருமினேன்.

மூன்றாவது, போலிக்கூடை. அதையும் ஒரு வைரஸ் செய்யும் என்றாய். பின்கட்டில் அந்த அம்மா கொட்டியிருந்த காய்கறித் தோலை அள்ளி நம் கூடையில் நிரப்பினாய். முந்தின நாள்தான் அவரிடம் அடுப்பு ரிப்பேர் என்று சொல்லியிருந்தோம்.

"அடுப்பு இல்லாம அவியலுக்கு நறுக்கினியளோ?" என்றபடி முதல்முறையாக உள்ளே வந்துவிட்டார். சாளை டப்பா திறந்து கிடந்தது. அடுத்த வாரம் பரீட்சை.

நீ முன்னால் போய் நின்றாய். "மீனு எனக்க மீனு. இவளுக்கு ஒண்ணும் தெரியாது, முட்டைகூட தொடமாட்டா." வாயில் இருந்த சாளையை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நான் நின்றேன். அந்த அம்மா நம்பி, உன்னை மட்டும் அன்றே பெட்டி கட்டவைத்தார். நீ தக்கலை மாமி வீட்டுக்குப் போய், நெரிசல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து பரீட்சை எழுதினாய். வினாத்தாளில் வைரஸ் டி-செல்லை ஏமாற்றும் வழிகள் பற்றிய கேள்வியே வந்திருந்தது. நீ முன்பெஞ்சிலிருந்து திரும்பி, கூடையைத் தூக்குவதுபோல் கை காட்டித் திட்டு வாங்கினாய். நான் பாஸானது அப்படித்தான்.

பல வருடம் கழித்து உனக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று. அதைக் கொண்டுவந்ததும் ஒரு வைரஸ். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் உனக்குக் கிண்டல் போகவில்லை. "இது கூடைய உள்ளயே வச்சிக்கிடுத ஜாதி மக்கா. எனக்கே டிமிக்கி குடுத்திட்டு பாத்தியா." பிறகு மெதுவாகச் சொன்னாய்: "ஒரு டெஸ்ட் எடுத்திருந்தா முன்னமே தெரிஞ்சிருக்கும். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தேன், எனக்க கூடைய நான் பாக்கல்ல." எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வந்தது. நீ போய்ச்சேர்ந்த பின்னும் அது தீரவில்லை.

அந்தக் கோபத்தில்தான், முப்பது தாண்டிய எந்தப் பெண்ணையும் நான் விடுவதில்லை. கூச்சப்பட்டு நெளிவார்கள். "கூடைய வெளிய வை ஏட்டி" என்று உன் குரலிலேயே அதட்டி டெஸ்டுக்கு இழுத்துக்கொண்டு போவேன். என்னைக் கண்டாலே ஒளிகிறவர்களும் உண்டு. அப்படி ஒளிந்து மாட்டியவள்தான் எங்கள் ஆய்வக உதவியாளர். அவளுக்குப் புற்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. சிகிச்சை முடிந்து, இனி பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நேற்று அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு டப்பா, உள்ளே பொரித்த சாளை. அந்த முள்தான் இன்று கூடையில் மேலாகக் கிடந்தது.