மத்தியானத்துக் காட்டேரி

அக்கா,

நேற்று எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். வைத்தியர் கராம்பு எண்ணெயில் தோய்த்த பஞ்சை உள்ளே வைத்து, "இறுக்கிக் கடிச்சுக்கொண்டிருங்கோ" என்றார். வலி பெரிதாக இல்லை. அந்த வாசனைதான் என்னைக் கதிரையை விட்டு எழும்பவிடாமல் செய்தது. மேலுதடு வீங்கி, லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு, தட்டெழுத்து இயந்திரத்தின் முன்னால் வந்து உட்கார்ந்த உங்கள் முகம் தெரிந்தது. கண்ணில் நீர் வந்தது. வலிக்கிறதாக்கும் என்று வைத்தியர் நினைத்திருப்பார்.

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. நீங்கள் இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

துறைமுகத்துக் கந்தோரில் நான் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தபோது, ஒரு மாதமாக என்னோடு ஒருவரும் கதைக்கவில்லை. நீங்கள்தான், "பிள்ளை, தனிய இருந்து சாப்பிடாமல் இஞ்சால வாரும்" என்று கூப்பிட்டீர்கள். கடலைப் பார்த்த யன்னலோரம் இரண்டு கதிரைகள். வெள்ளைக்காரக் கடற்படை போனபோது விட்டுப்போன ஆங்கிலப் புத்தகங்கள் அப்போது கடைத்தெருவில் காகிதச் சரை சுற்றுவதற்காகக் குவிந்து கிடந்தன. அவற்றில் இரத்தம் குடிக்கிற காட்டேரிச் சிறுகதைகளாகப் பொறுக்கியெடுத்து வாசித்துவிட்டு, சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டே எனக்குத் தமிழில் சொல்வீர்கள். பனி பெய்கிற ஏதோவொரு மலைநாட்டுக் கதை உங்கள் வாயில் நம்முடைய கட்டைபறிச்சான் கிராமத்தில் நடக்கும். நீண்ட கறுப்பு அங்கி போட்ட பிரபு மூதூர் லோஞ்சுப் படகிலிருந்து இறங்கி வருவான்.

வெளியே வெயில் கொளுத்தும். கப்பலிலிருந்து மூட்டை இறக்கும் சத்தம் கேட்கும். நானோ கால்களைக் கதிரைக்கு மேலே தூக்கிவைத்துக்கொண்டு, ஒரு கையால் கழுத்தைப் பொத்தியபடி சாப்பிடுவேன். அந்தப் பயத்தை ஏன் அவ்வளவு விரும்பினேன் என்று பின்னாளில்தான் விளங்கியது. அப்பா பாயோடு படுத்துவிட்டார். சிங்கள மொழிச் சோதனையில் தேறாவிட்டால் வேலை நிரந்தரமாகாது என்றார்கள். அந்தப் பயங்கள் காலையில் என்னோடு எழும்பி என்னோடு பஸ் ஏறிவரும். உங்கள் காட்டேரி அப்படியல்ல. ஒரு மணிக்கு மணி அடித்ததும் போய்விடும். போகும்போது மற்றப் பயங்களிலும் கொஞ்சத்தைக் கொண்டுபோகும்.

உங்களுக்குச் சிங்கப்பற்கள் இரண்டும் மற்றப் பற்களுக்கு மேலே ஏறி நின்றன. சிரித்தால் அவைதான் முதலில் தெரியும். அந்த நாளில் நீங்கள் ஒருபோதும் வாயை மூடிச் சிரித்ததில்லை. "தெரியாத ஆள் வந்தால் என்ன பயம்? தெரிஞ்ச முகமாய் இருக்கவேணும். அதுதான் பயம்" என்று ஒருநாள் சொன்னீர்கள்.

கொழும்பு வார இதழ் ஒன்று பயங்கரச் சிறுகதைப் போட்டி வைத்தது. உங்களிடம் சொல்லாமல் எழுதத் தொடங்கினேன். முதலில் என் காட்டேரி உயரமான வெள்ளைக்காரன். எழுத எழுத அவன் தாளிலேயே செத்துச் செத்து விழுந்தான். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவனை அழித்துவிட்டு, துறைமுகக் கந்தோரில் தட்டெழுதுகிற ஒரு பெண்ணை வைத்தேன். அன்பாகக் கதைப்பவள். சாப்பாட்டைப் பகிர்ந்து தருபவள். சிரித்தால் இரண்டு பற்கள் முதலில் தெரியும். பேனா ஓடத் தொடங்கியது. எனக்கே முதுகு சில்லிட்டது. அது யார் என்று தெரிந்துகொண்டேதான் எழுதினேன், அக்கா. தபாலில் போடுமுன் அந்தப் பற்களை மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றினால் கதை விழுந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் பரிசு. ஓவியரும் அந்தப் பற்களைப் பெரிதாக வரைந்திருந்தார். அடுத்த திங்கட்கிழமை நீங்கள் உள்ளே வர, ஸ்டோர் கீப்பர் சட்டைக் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, "கழுத்தை மூடுங்கோ, காட்டேரி வந்திட்டா!" என்றார். கந்தோரே சிரித்தது. நானும் சிரித்தேன். நீங்கள் எல்லோரையும் விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தீர்கள்.

மத்தியானம் இதழை வாங்கி முழுக்க வாசித்தீர்கள். "பிள்ளை, நல்லா எழுதியிருக்கிறீர். கடைசிப் பக்கத்திலை எனக்கே மயிர்க்கூச்செறிஞ்சது." பிறகு, "அந்தப் பல்லு மட்டும்..." என்று நிறுத்தினீர்கள்.

"அது அந்த இங்கிலீஷ் புத்தக மட்டையிலை இருந்த படம், அக்கா."

"ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தீர்கள். அன்றைக்குக் கதை சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை. சிரிப்பு வந்தால் வாயைப் பொத்துகிற லேஞ்சி உங்கள் கையை விட்டுப் போகவேயில்லை. இரண்டு மாதம் கழித்து மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, கராம்பு மணக்க வந்தீர்கள். "பூச்சி பிடிச்சுப்போச்சு. ரண்டையும் எடுத்துப்போட்டினம்" என்றீர்கள். வெள்ளை வெளேரென்ற பற்கள் அவை. நான், "நோகுதோ?" என்று மட்டும் கேட்டேன். அடுத்த வருஷம் மட்டக்களப்புக்கு மாற்றம் கேட்டுப் போய்விட்டீர்கள். பொங்கலுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவீர்கள், நானும் அனுப்புவேன். அட்டையில் எழுத இடம் போதாது என்று ஒவ்வொரு வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாவுச் செய்தி கேட்டு உங்கள் பாலையூற்று வீட்டுக்குப் போனேன். உங்கள் தங்கை தேநீர் தந்துவிட்டு, "அக்கா என்ரை பிள்ளையளுக்கு உங்கடை கதையைத்தான் சொல்லுறவ. கேட்டால் ஒண்டும் தனியக் கிணத்தடிக்குப் போகாது" என்றாள்.

"எந்தக் கதை?"

"அந்தப் பல்லில்லாத காட்டேரி."

"பல்லில்லாமல் எப்பிடி?"

"பிள்ளையளும் அதைத்தான் கேக்கும். 'அது கடிக்காது. பக்கத்திலை இருந்து சாப்பிடும், ஆசையாய்க் கதை கேக்கும். கடைசியிலை நீங்களே கழுத்தைக் குடுப்பியள்' எண்டு சொல்லுவா."

அவளுக்கு ஒன்றும் தெரியாது. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பினேன்.

வீட்டுக்கு வந்து அலுமாரியிலிருந்து அந்த இதழை எடுத்தேன். உங்களுக்கு அது என்ன செய்தது என்று தெரிந்துகொண்டே வாசித்தேன். கடைசிப் பக்கத்தில் மயிர்க்கூச்செறிந்தது. நல்ல கதை என்றுதான் மனம் இன்னும் சொல்கிறது, அக்கா. பரிசின் பெருமை எப்போதோ போய்விட்டது. உங்களை வாய் மூடிச் சிரிக்கவைத்த அந்தப் பக்கத்தின் மேலுள்ள ஆசை மட்டும் போகவில்லை. என் வெட்கம் அதுதான்.