லாரி வராத நேரம்

வோக்லேர்,
அக்டோபர் 4

ரெஜிஸுக்கு,

ஜிஸ்லேன் எழுதுவது. நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் பிரிந்த பிறகு நாம் போனில் பேசி எது உருப்பட்டிருக்கிறது? நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். அதனால் கடிதம்.

உங்கள் சைக்கிள் சங்கத்தின் புதிய வரைபடத்தை ரொட்டிக் கடையில் பார்த்தேன். "வண்டித் தொல்லை இல்லாத சாலைகள்" என்று மேலே தலைப்பு, கீழே உன் பெயர். பெருமையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். பிரித்தால் என் வீட்டு வாசல் வழியாகவே ஒரு பச்சைக் கோடு! பச்சை என்றால் குழந்தைகளோடு தைரியமாகப் போகலாம் என்று நீயே ஓரத்தில் விளக்கமும் போட்டிருக்கிறாய்.

உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா? சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் அறுவடை தொடங்கிவிட்டது. சர்க்கரை ஆலைக்குப் போகும் லாரிகள் காலையிலிருந்து என் ஜன்னல் கண்ணாடியை அதிரவைக்கின்றன. சாலை முழுக்கச் சேறு. நேற்று மாலை நம் எலோடி உன் வரைபடத்தை நம்பி, பேரனைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு சைக்கிளிலேயே இங்கே வந்தாள். வளைவில் ஒரு லாரி. ஒதுங்கப்போய்ப் பள்ளத்தில் விழுந்தார்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு.

மருந்து போடும்போது, "லாரி போற ரோட்டுல எதுக்குடி வந்தே?" என்று கேட்டேன்.

"அப்பா பச்சை போட்டிருந்தாரும்மா. அவர் போட்டா கண்ணை மூடிக்கிட்டுப் போகலாமே" என்றாள்.

இந்த மாதம் கடைசிச் சனிக்கிழமை குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து இதே சாலையில் சவாரி போவதாகச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். அதற்குள் அந்தக் கோட்டை எடுத்துவிடு.

ஜிஸ்லேன்


பெரோன்,
அக்டோபர் 8

ஜிஸ்லேனுக்கு,

கடிதம் கிடைத்தது. உடனே எலோடியிடம் பேசினேன். "ஒண்ணும் இல்லப்பா, விடுங்க" என்றாள். அவள் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சாலை விஷயத்துக்கு வருகிறேன். நான் வீட்டில் உட்கார்ந்து கோடு போடுகிறவன் இல்லை, அது உனக்கே தெரியும். வசந்தத்திலும் போனேன், போன வருடம் இதே பீட்ரூட் காலத்திலும் பலமுறை போனேன். ஒரு லாரிகூட எதிரே வந்ததில்லை. ஒருநாள் முயல் ஒன்று நடுரோட்டில் உட்கார்ந்து நிதானமாகக் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. நான்தான் ஒதுங்கிப் போனேன். ஆலைக்காரர்கள் இந்த வருடம் வழியை மாற்றியிருக்கலாம். அல்லது எலோடி கண்ணில் பட்டது ஏதோ வழி தவறி வந்த ஒரு லாரியாக இருக்கலாம். அதற்காக அச்சடித்ததையெல்லாம் திரும்ப வாங்க முடியாது. என் வேலையில் நீ குறை காண்பது புதிதுமில்லை.

இங்கே மழை விடவில்லை. பூனை நலம்.

ரெஜிஸ்


வோக்லேர்,
அக்டோபர் 10

ரெஜிஸ்,

நான் குறை காண்பது புதிதில்லை. நீ காதில் வாங்காததும் புதிதில்லை.

எதிர்ப்பண்ணை மார்சியலிடம் போய்க் கேட்டேன். மனுஷன் சிரித்த சிரிப்பில் அவர் நாய் பயந்து குரைத்தது.

"யாரு, அந்த மஞ்சச் சட்டைக்காரரா? நல்லாத் தெரியுமே! நாங்க சூப்பு குடிக்கிற நேரத்துக்குத்தான் ஜன்னல் பக்கமாப் போவாரு. 'இந்த மனுஷனுக்கு வீடு வாசல் இல்லையா, சாப்பாட்டு நேரத்துல ரோட்டுல என்ன பண்றாரு'ன்னு என் பொண்டாட்டி கேட்டுக்கிட்டே இருப்பா."

இப்போது விளங்குகிறதா? பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை லாரிக்காரர்கள் அத்தனை பேரும் நாற்சந்தி உணவகத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நாடே மேசையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் சாலையைச் சோதித்துவிட்டு, வண்டியே இல்லை என்று அச்சடித்திருக்கிறாய். அந்த நேரத்தில் பாரிஸ் நெடுஞ்சாலைக்கும் பச்சை போடலாமே!

இதை எழுதும்போது சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுபோனது. நாம் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் ஒருநாளாவது நீ பன்னிரண்டு மணிக்கு வெளியே இருந்ததுண்டா? உன் தம்பி கல்யாணத்தில் பாதிரியார் பேசிக்கொண்டே போனபோது, கையைத் தூக்கிக் கடிகாரத்தைக் காட்டியவன் நீ. எத்தனை நாளாக மதியம் சாப்பிடாமல் சுற்றுகிறாய்? எனக்குக் கவலையாக இருக்கிறது. உள்ளதை எழுது.

ஜிஸ்லேன்


பெரோன்,
அக்டோபர் 13

அன்புள்ள ஜிஸ்லேன்,

நீ சொன்னதுதான் சரி. நேற்று மாலை உன் ஊருக்கு முந்திய வளைவு வரை வந்தேன். லாரி மேல் லாரி. எலோடி அங்கே பிள்ளையோடு விழுந்ததை நினைத்ததும் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். அதற்கு மேல் வரவில்லை, திரும்பிவிட்டேன்.

சங்கத்தில் சொல்லிவிட்டேன். "யோவ், நீ இந்த ஊர்க்காரன்தானா? சாப்பாட்டு நேரத்துல எவன்யா ரோடு பார்க்கப் போவான்?" என்று தலைவர் கேட்டார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சவாரியைக் கால்வாய்க் கரைக்கு மாற்றியாகிவிட்டது. வரைபடத்தைக் கடைகளிலிருந்து நானே திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறேன். எல்லாச் சாலைகளையும் இனி காலையிலும் மாலையிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நீ கேட்டதற்குப் பதில். நீ போன பிறகும் ரொட்டிக் கடைப் பெண் என்னைப் பார்த்ததும் கேட்காமலே இரண்டு ரொட்டி எடுத்து வைப்பாள். ஒன்று போதும் என்றால் காரணம் சொல்ல வேண்டும், பின்னால் வரிசையில் ஊரே நிற்கும். சொல்ல முடியாமல் இரண்டையும் வாங்கி வருவேன். மறுநாள் ஒன்று கல்லாகிக் கிடக்கும். அதைப் பார்க்கப் பிடிக்காமல் மதிய நேரத்தில் கடைக்கும் போகாமல், வீட்டிலும் இருக்காமல் சைக்கிளை எடுத்தேன். உன் வாசல் வழியாக வந்ததும் தெரிந்தேதான். அப்போது நீ பள்ளிச் சமையலறை வேலையில் இருப்பாய், என்னைப் பார்க்க மாட்டாய் என்ற தைரியம். ஜன்னல் கதவுகளுக்கு நீலம் அடித்திருக்கிறாய். நன்றாக இருக்கிறது.

நீ இல்லாமல் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஜிஸ்லேன். சனிக்கிழமை உனக்குப் பள்ளி இல்லையே, மதியம் சாப்பிட வரட்டுமா? ஒயின் நான் கொண்டுவருகிறேன்.

உன்
ரெஜிஸ்


வோக்லேர்,
அக்டோபர் 16

அன்புள்ள ரெஜிஸ்,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். பிறகு ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மதியம் வராதே.

இது கோபமில்லை. வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடுகிறேன். அதற்கு முன் எத்தனையோ வருடம் உனக்குப் போட்டேன். பன்னிரண்டு அடித்ததும் நீ கைத்துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவாய். அடுப்புக்கும் மேசைக்கும் நடந்து முடித்து நான் உட்காரும்போது நீ பழம் உரித்துக்கொண்டிருப்பாய். "நீ இன்னும் சாப்பிடலியா?" என்று கேட்பாய், பாவம், நிஜமாகவே தெரியாமல்தான். அதை விட்டுத்தான் நான் வந்தேன். வேறு எதற்காகவும் இல்லை.

இப்போது சனிக்கிழமை மதியம் நான் சமைப்பதில்லை. முள்ளங்கி, வெண்ணெய், ரொட்டி. ஜன்னலோரம் நின்றுகொண்டே தின்கிறேன். நீ வந்தால் என் கை தானாக அடுப்பைப் பற்றவைத்துவிடும். என்னை எனக்குத் தெரியும்.

கடையில் ஒன்று போதும் என்று சொல்லிவிடு. நானும் இங்கே வந்து சொன்னேன். முதல் நாள்தான் கஷ்டம், அப்புறம் பழகிவிடும். மதியம் வீட்டில் உட்கார்ந்து எதையாவது சாப்பிடு.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வா. லாரிகள் அதிகம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாக நடந்து வா. நான் வீட்டில்தான் இருப்பேன். அடுப்பில் எதுவும் இருக்காது. நாம் இருவரும் ஒரே நேரத்தில் உட்காரலாம்.

ஜிஸ்லேன்