லூக்காவில் ஒரு வசனம் குறைவு

லிங்கநகர், திருகோணமலை
25.02.2024

அன்புத் தம்பி பிரதீபனுக்கு,

நீ சுகமாய் இருக்க வேண்டுமென்று மன்றாடுகிறேன். போன் அத்தானின் சட்டைப்பைக்குள் போய்விட்டதால்தான் இந்தக் கடிதம். பதிலைப் பக்கத்து வீட்டு ஸுல்பிகாவின் விலாசத்துக்குப் போடு.

கோயிலில் எல்லோருமாக வேதாகமத்தைக் கையால் எழுதுகிறோம். எனக்கு வந்தது லூக்கா இருபத்துமூன்றாம் அதிகாரம். சிலுவையில் அறைந்தவர்களுக்காக ஆண்டவர் மன்னிப்புக் கேட்கிற வசனத்தில் பேனை நின்றுவிட்டது. போன கிழமை சொதியில் உப்புக் கூடிற்றென்று அத்தான் கொதிக்கக் கொதிக்க அதை என் முதுகில் ஊற்றினார். தோல் உரிந்து கிடக்கிறது. நீ படிக்கிற பழைய கிரேக்கப் பிரதிகளிலும் அந்த வசனம் இருக்கிறதா?

உன் அக்கா
ஞானமலர்

ஜெர்மனி
14.03.2024

அன்புள்ள அக்கா,

நல்ல கேள்வி கேட்டீர்கள்! மிகப் பழைய பிரதிகள் சிலவற்றில் அந்த வசனமே இல்லை. இன்னொன்றில் எழுதியவர் எழுதியிருக்கிறார். சரிபார்த்தவர் நீக்கச் சொல்லி அடையாளம் போட்டிருக்கிறார். பிறகு வந்த ஒருவர் அந்த அடையாளத்தை அழித்திருக்கிறார். சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் கண் நோக எழுதிய மனிசர். எது முதலில் இருந்ததென்று நாங்கள் இன்றைக்கும் சண்டை பிடிக்கிறோம். நீங்கள் அதை விட்டுவிட்டு எழுதினாலும் பழைய ஆட்கள் சிலர் உங்கள் பக்கம்தான்!

அத்தானுக்குக் கோபம் கொஞ்சம் கூடத்தான். முதுகுக்கு மருந்து பூசுங்கோ.

பாசமுள்ள தம்பி
பிரதீபன்

லிங்கநகர்
09.04.2024

அன்புத் தம்பி,

நான் சொல்ல, மகள் சுலக்ஷனா எழுதுகிறாள். அந்த வசனத்தை விட்டுத்தான் எழுதினேன். கோயிலில் எழுதியதையெல்லாம் ஒப்புப் பார்க்கிறவர் அத்தான். அவர் கண்ணில் படட்டும் என்றே விட்டேன்.

பட்டது. ஆட்களுக்கு முன்னால் சிரித்தார். வீட்டுக்கு வந்து குசினிக் கதவைச் சாத்தினார். "எந்தக் கையடி எழுதினது?" என்று கேட்டு, வலக்கையை அம்மிமேல் அழுத்திக் குழவியால் குத்தினார். மூன்று விரல்கள் நொறுங்கிவிட்டன. குறுக்கே விழுந்த மகளுக்கும் வயிற்றில் உதை. ஐயோ தம்பி, அம்மி முழுக்க இரத்தம். ஸுல்பிகாதான் கதவைத் தள்ளித் திறந்து, ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

பொலிசில் கிறிஸ்தோபர் என்று உன் அத்தானின் பேரைச் சொல்லி முறைப்பாடு கொடுத்துவிட்டேன். அத்தான் உள்ளே இருக்கிறார். அவருடைய சொந்தங்கள் வாசலில் நின்று ஏசுகிறார்கள். எனக்கென்று கதைக்க ஒருவரும் இல்லை. நீ ஒருக்கா வா.

உன் அக்கா

ஜெர்மனி
28.04.2024

அன்புள்ள அக்கா,

அத்தான் பிணையில் வந்து எனக்குப் போன் எடுத்தவர். குழந்தைப்பிள்ளை மாதிரி அழுகிறார். நான் பகிடிக்கு எழுதியதை நீங்கள் இப்படியா எடுப்பது? அவரை மன்னித்து வழக்கைத் திரும்ப எடுங்கோ. நாளைக்குச் சுலக்ஷனாவைக் கட்டிக் கொடுக்க வேண்டாமா? வழக்குக்கு நான் வருவதென்றால், நீங்கள் சமாதானமாகப் போகிறீர்கள் என்று சொல்லத்தான் வருவேன்.

தம்பி
பிரதீபன்

லிங்கநகர்
20.05.2024

பிரதீபன்,

இது என் இடக்கை எழுத்து. இதை மகளிடம் சொல்லி எழுதுவிக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

விரல்கள் இனி மடங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நீ அதைக் கேட்கவேயில்லை. அவர் அழுதது உனக்குக் கேட்டிருக்கிறது. நான் கத்தியது ஸுல்பிகாவுக்குத்தான் கேட்டது.

வழக்கு ஜூன் பதினெட்டில். திரும்ப எடுக்கமாட்டேன். நீ வருவதானால் வா. கோர்ட் வாசலில் ஆரென்று கேட்பார்கள். கிறிஸ்தோபரின் ஆள் என்று சொல். என் தம்பி என்று மட்டும் சொல்லாதே.

ஞானமலர்