மறுப்பு என்று வந்த வைரஸ்

பாகூர், ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

காலையில் ஒரு மின்னஞ்சல் வந்தது. தலைப்பு, "உங்கள் செய்திக்கு மறுப்பு". மறுப்பு என்று வந்தால் எந்த நிருபரும் திறக்காமல் இருக்கமாட்டான். அனுப்பியவர் யாரென்று பார்க்காமலே இணைப்பை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் அழுத்தினேன். அதற்குப் பிறகு லேப்டாப் ஊர்ந்தது.

பஸ் நிறுத்தத்தருகே கடை வைத்து கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தேவகியிடம் கொண்டுபோனேன்.

"பாக்க பிடிஎஃப் மாதிரிதான் இருக்கும். பேரோட கடைசியில பாருங்க, இஎக்ஸ்இ. அழுத்துனா ஓட ஆரம்பிக்கிற புரோகிராம் இது. ஊர்ல எல்லாரையும் நீ யாருன்னு கேக்குற ஆளு, இவன மட்டும் வுட்டுட்டீங்களே சார்!"

இணையத்தைத் துண்டித்து, பென் டிரைவிலிருந்து ஸ்கேன் ஓட்டி வைரஸை அழித்தாள். பாஸ்வேர்டை என் போனில் மாற்றச் சொன்னாள்.

"என் மெயிலெல்லாம் வெளியே போயிருக்குமா?"

"வைரஸ் போச்சி சார். அது இன்னா எடுத்துக்கினு போச்சின்னு எனுக்கு எப்டி தெரியும்?"

ஏரி மண்ணை லாரியில் திருடுவதைப் படமெடுத்து எனக்கு அனுப்பிய விவசாயியின் பெயர் அந்த மெயில்களில் இருக்கிறது. பெயர் வெளியே வராது என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். செய்தி இன்னும் அச்சேறவில்லை.

சாயங்காலம் அவரை அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

"இனிமே மறச்சி இன்னா சார் ஆவப்போவுது? பேரு போட்டே எழுதிடு. ஊருக்கே தெரிஞ்சா கை வெக்க யோசிப்பானுங்க."

பின்னாலிருந்து அவர் மனைவி, "வாணாம்யா, வாணாம்" என்றது கேட்டது.

செய்தியை எழுதி முடித்துவிட்டேன். பெயர் வரவேண்டிய இடத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.