பெயரைச் சொன்னவள் பிடிபட்டாள்

தண்டையார்பேட்டை,
5 ஆகஸ்டு 1951

சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலையாயிருக்கும் என் செல்ல மகன் கருணாகரனுக்கு அம்மா பச்சையம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதச் சொன்னது. இங்கே நான், உன் நைனா, தங்கை பூவம்மா மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறோம், நீயும் அங்கே வயிற்றைக் காயப்போடாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் உன் நைனாதான். இந்தத் தடவை அவரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஒரு வார்த்தையைக் கூட விழுங்காமல் எழுத வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உட்கார வைத்திருக்கிறேன். இப்போதே பேனாவை உதறிக்கொண்டு கூரையைப் பார்க்கிறார்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன், நீ பதறக்கூடாது. நாம் வாடகைக்கு இருந்த இந்த ஓட்டு வீடு இப்போது நம்முடையது. ஆனால் அது கைக்கு வருவதற்குள் நான் பட்ட பாடு இருக்கிறதே, கேள். வீட்டுக்காரர் கலீலுல்லா சாயபு வீட்டை விற்கப்போவதாகச் சொன்னதும், வெளி ஆளுக்கு முன்னால் நமக்குத்தான் என்று வாக்குக் கொடுத்ததும் உனக்குத் தெரியும். ஆனி முடிவதற்குள் பணத்தைக் கட்டிப் பத்திரம் பண்ணவேண்டும், ஆடி பிறந்தால் நாம் பண்ணமாட்டோம், அவருடைய தம்பியோ கரி மண்டி வைக்க வேறு ஆள் பார்த்து வைத்திருந்தார். நீ கடல் தாண்டிப் போய் மூட்டை தூக்கி அனுப்பியதெல்லாம் ராயபுரம் தபாலாபீஸ் சேமிப்புக் கணக்கில் என் பேரில்தான் கிடந்தது. அது போனால் வீடும் போச்சு, உன் உழைப்பும் போச்சு, அவ்வளவுதான் சங்கதி.

உன் நைனாவுக்கு ஒரு வியாதி உண்டு, சந்தோஷம் வந்தால் வாயை மூடத் தெரியாது. துறைமுக வாசல் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, என் மகன் இன்ன இடத்தில் இருக்கிறான், பணம் இன்ன ஆபீசில் இருக்கிறது, கணக்கு பெண்டாட்டி பேரில், அவள் பொன்னேரிக்காரி, அவள் அப்பன் பேர் இன்னது, அவளுக்குக் கையெழுத்து வராது கைநாட்டுத்தான், இந்த மாதம் வீடு வாங்கப்போகிறோம் என்று கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் ஒப்பித்திருக்கிறார். ஒரு டீயை வாங்கிக் கொடுத்து அத்தனையையும் கேட்டுக்கொண்டவன் ஒருவன். அவன் வரவில்லை, அவன் கூட்டாளி ஒருத்தன் சலவைச் சட்டையும் கைக்கடியாரமுமாக நம் வீட்டுக்கு வந்தான். பேர் சுயம்புவாம், உன்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவனாம், லீவில் கப்பலில் வந்தானாம். நீ கொடுத்தனுப்பியதாக ஒரு வாசனை சோப்பும் பிஸ்கோத்து டின்னும் வேறு. நான் அப்போது காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் உன் நைனா பிஸ்கோத்தைத் தின்றுகொண்டே, "ராஜா கிரீடம் போட்ட புக்கு இனிமே செல்லாதாம்மே, சிங்கம் போட்ட புக்கு மாத்திக் குடுக்கிறாங்களாம், நம்ம கருணாவோட தோஸ்து ஆபீசுல ஆளு வச்சிகினு கீறாரு, அவரே எடுத்துகினு போயிட்டாரு, சாயங்காலம் வந்துரும்" என்கிறார். நீ அனுப்புவதாக இருந்தால் ஒரு வரி எழுதாமல் அனுப்புவாயா? கூடையை அப்படியே போட்டுவிட்டு, அவனைத் துறைமுகப் பக்கம் போய்த் தேடுங்கள் என்று இவரை ஒரு திசையில் விரட்டிவிட்டு, நான் ராயபுரத்துக்கு ஓடினேன். செருப்புக்கூட போடவில்லை. அன்றைக்கு அந்த மீனைத் தின்றது எதிர்வீட்டுப் பூனை.

தபாலாபீசில் நுழைகிறேன், சன்னலுக்கு முன்னால் என் வயதில் ஒருத்தி, பல்வலி என்று முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறாள், குமாஸ்தா கையில் நம் புத்தகம். அவர் மாயவரம் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த சின்ன வயதுக்காரர், யாரையும் தெரியாது. நாமும் ராயபுரத்தை விட்டு வந்து வருஷமாகிவிட்டது, என்னைத் தெரிந்தவர் அங்கே ஒருத்தரும் இல்லை. அவர் பேர் கேட்டார், பச்சையம்மாள் என்றாள். ஊர் பொன்னேரி என்றாள். என் அப்பன் பேர், உன் பேர், நீ இருக்கும் ஊர், எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு சொல்கிற மாதிரி சொன்னாள். புருஷன் பேர் என்னம்மா என்றார், அதையும் டக்கென்று சொன்னாள். அந்தப் பேரை இந்தக் கடிதத்திலும் நான் சொல்லவில்லை, எழுதுகிறவரே எழுதிக்கொள்ளட்டும்: சின்னப்பையன். நான் கூச்சல் போட்டு, ஐயா அது என் புத்தகம், நான்தான் பச்சையம்மாள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, அப்படியானால் உன் புருஷன் பேரைச் சொல் என்றார். கருணா, எனக்கு நாக்கு எழவில்லை. கணக்கு ஆரம்பித்த அன்றைக்கும் நீதானே பக்கத்தில் நின்று சொன்னாய். வீடு போகிறது என்று தெரிகிறது, தொண்டை வரைக்கும் வருகிறது, வாய் திறக்கமாட்டேன் என்கிறது. அவரோ, அந்த அம்மா எல்லாம் சொல்லிவிட்டாள், உனக்குப் புருஷன் பேரே தெரியவில்லை, போலீசைக் கூப்பிடட்டுமா என்கிறார். எனக்கு அழுகை முட்டிவிட்டது.

அப்போது மணியார்டருக்காக வரிசையில் நின்றிருந்த காசிமேட்டுக் கெங்கம்மா என்கிறவள், அன்றுவரை நான் முகம் பார்த்தறியாதவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். முந்தானைக்காரியைப் பார்த்து, "ஏம்மே, கட்ன புருஷன் பேரை இப்டிப் பட்டுனு சொல்றியே, நீ இன்னா கலியாணம் கட்னவளா, கோர்ட்டுல சாட்சி சொல்ல வந்தவளா? எங்க, இன்னொருக்கா சொல்லு பாப்போம்" என்று கேட்டாள். அந்தப் புத்திசாலி மறுபடியும் சொன்னாள்! வரிசையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே சிரிப்பு. கெங்கம்மா குமாஸ்தாவிடம், "சாமி, வாய் தொறக்காம அழுவுது பாரு, அதான் பொஞ்சாதி" என்றாள். அவர் முகம் சிவந்துபோய், எங்கம்மாவும் சொல்லமாட்டாங்களே, எனக்கு இது தோணவே இல்லையே என்று எழுந்துவிட்டார். உள்ளேயிருந்து போஸ்ட்மாஸ்டர், கணக்கு ஆரம்பித்த அன்றைக்கு நான் ரேகை வைத்த பழைய அட்டையை எடுத்துவந்து எங்கள் இரண்டு பேரையும் கைநாட்டு வைக்கச் சொன்னார். நான் பெருவிரலை அழுத்தி வைத்தேன். அவள் விரலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தாள். கெங்கம்மா விடுவாளா, கொண்டையைப் பிடித்துவிட்டாள். போஸ்ட்மாஸ்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இந்த அம்மாதான் என்று புத்தகத்தை என் கையில் கொடுத்தார். உன் நைனாவும் அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்தார், அதையும் சொல்லவேண்டும். தேடித் தேடித் தபாலாபீஸ் வாசலுக்கே வந்துவிட்டவர், நழுவப் பார்த்த சுயம்புவின் சைக்கிள் கேரியரைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார், அவன் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டே போயும் விடவில்லை. முழங்கால் இரண்டும் சிராய்ப்பு. இந்த இடத்தை மட்டும் பேனா எவ்வளவு வேகமாக எழுதுகிறது என்று நீ பார்க்க வேண்டும்.

அவர்களைப் போலீஸ் கொண்டுபோனது. இதே மாதிரி நாலைந்து குடும்பத்தை ஏமாற்றியிருக்கிறார்களாம். ஆனி முடிவதற்குள் பணத்தை எடுத்துச் சாயபு கையில் கொடுத்தோம், பத்திரமும் ஆகிவிட்டது. பத்திரம் என் பேரில் இருக்கட்டும் என்று உன் நைனாவே சொன்னார், நான் கேட்கவில்லை. தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன், கெங்கம்மாவுக்கு மட்டும் ஒரு புடவையும் எடுத்துக் கொடுத்தேன். இப்போதெல்லாம் இவர் டீக்கடைக்குப் போனால் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுகிறார்.

நீயும் அவர் பிள்ளைதான், அதனால் சொல்கிறேன். சம்பள நாள் எது, பணத்தை எங்கே வைத்திருக்கிறாய், அம்மா பேர் அப்பா பேர் என்ன என்று அறையில் இருக்கிறவன் கேட்டால் சிரித்துவிட்டு வேறு பேச்சுப் பேசு. வெறும் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. சர்க்கார் சட்டம் மாறிவிட்டது, புத்தகத்தைக் கொடு என்று யார் வந்து நின்றாலும் நீயே ஆபீசுக்கு நடந்து போய்க் கேள், கால் தேய்ந்துவிடாது. யார் கையிலாவது எதையாவது கொடுத்தனுப்பினால் முன்னாலேயே கடிதம் போடு, கடிதம் வராமல் சாமான் மட்டும் வந்தால் சாமி பிரசாதமாக இருந்தாலும் நான் வாங்கமாட்டேன்.

கருணா, ஒன்றாம் தேதி வந்தால் விடிந்ததிலிருந்து வாசலில் யார் நடந்தாலும் எனக்கு நெஞ்சு படபடக்கும், வாடகை கேட்க ஆள் வந்துவிட்டானோ என்று. இந்த ஒன்றாம் தேதி மத்தியானம் வரைக்கும் நான் அதை மறந்தே போய் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பூவம்மா ஞாபகப்படுத்தியதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். என் மகன் முதுகு சுமந்த சுவர் என்று நினைத்து அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான்.

நீ நூறு வயது சீரும் சிறப்புமாக வாழவேண்டும், நினைத்ததெல்லாம் நடக்கவேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளி, மறக்காதே. அடுத்த கப்பலுக்கு லீவு கேள், உனக்கென்று மேற்கு அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சொந்த வீட்டிலிருந்து உன் அம்மா
பச்சையம்மாள், இடது பெருவிரல் ரேகை