கோரைப் பாயில் மூன்றாம் வகுப்பு

சேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சிராப்பள்ளி
19-11-1961, ஞாயிற்றுக்கிழமை

என் பிரியமுள்ள மகள் ரோசரிக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. சர்வேசுரன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் சுகமா, வயிற்றில் இருக்கும் பிள்ளை சுகமா என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். இங்கே ஐப்பசி முடிந்தும் மழை விட்டபாடில்லை, அடுக்களை ஓடு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, அப்பாவுக்கு இருமல், லீவு போடச் சொன்னால் பொன்மலை ஒர்க்‌ஷாப்பே தன் தோளில்தான் நிற்கிறது என்பதுபோல் முறைத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். நீ மாடிப்படி ஏறாதே, அந்த ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கொள். இவ்வளவும் எழுதி முடித்துவிட்டு நிம்மதியாக உறையில் போடலாம் என்றால் முடியவில்லை, எனக்கு ஒரு குழப்பம் வந்து மண்டையைக் குடைகிறது, அதில் பாதிக்கு நீதான் பொறுப்பு, அதனால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஜூலையில் நீ எழுதிய கடிதம் ஞாபகம் இருக்கிறதா? உங்கள் பள்ளிக்கூடத்தில் வங்காளிப் பிள்ளை, பஞ்சாபிப் பிள்ளை, நம் தமிழ்ப் பிள்ளை எல்லாம் ஒரே வகுப்பில் இருப்பதால் ஒரே பாடத்தை எல்லாருக்கும் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை, யாருக்கு எதுவரை தெரியுமோ அங்கிருந்து ஆரம்பித்துச் சின்னச் சின்னக் கூட்டமாக வைத்து நடத்துகிறோம், பிள்ளைகள் நன்றாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பெருமையாக எழுதியிருந்தாய். அன்றைக்குப் பிடித்தது எனக்கு வினை. என் மூன்றாம் வகுப்பை நீ பார்த்ததில்லை. மத்தியானச் சாப்பாடு போட ஆரம்பித்த பிறகு அறுபது பெண்பிள்ளைகளுக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். அரிசிக் கடை தாஜுதீன் மகள் பேப்பரை எழுத்துக் கூட்டாமல் வாசிக்கிறது. ரயில்வேயில் கூலி வேலை பார்க்கும் கலாசி வீட்டுப் பிள்ளை ஒன்றுக்குத் தெலுங்கைத் தவிர வேறு பேச்சு வராது. பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகள் காலையில் வேலையை முடித்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்தபடியே தூங்குகிறார்கள். ஜூனில் புதிதாக வந்து சேர்ந்தாள் காளியாயி, மருங்காபுரிப் பக்கத்தில் மழை பொய்த்துப் போய்ப் பிழைக்க வந்த குடும்பம், அப்பன் காத்தமுத்து கைவண்டி இழுக்கிறான், ஆத்தா இருளாயி காந்தி மார்க்கெட்டில் கூடை சுமக்கிறாள். வயதைப் பார்த்து மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள், அதற்கு அ, ஆ தெரியாது. எல்லாரும் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும்போது அதன் வாயும் கூடவே அசையும், கிட்டப் போய்க் காது கொடுத்தால் சத்தமே இருக்காது. மூன்று மாதம் என்னை அப்படி ஏமாற்றியிருக்கிறது. ஏமாற்றியது அதுவா, ஏமாந்தது நானா, அதுவும் எனக்குத் தெளிவாகவில்லை.

காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் உன் யோசனையைச் செய்து பார்த்தேன். எழுத்தே தெரியாத பிள்ளைகளை ஒரு டஜன் போலப் பிரித்தேன். பெஞ்சில் உட்கார்ந்தால் புளியங்கொட்டையைப் பரப்ப இடமில்லை, களிமண்ணை உருட்ட முடியாது, ஆகையால் அவர்களைத் தரையில் உட்கார வைப்பது என்று முடிவு செய்தேன். வெறும் தரை வேண்டாம் என்று முசிறியிலிருந்து வரும் கோரைப் பாய் நல்லதாகப் பார்த்து வாங்கி, காற்றும் வெளிச்சமும் வரட்டும் என்று ஜன்னலோரம், என் மேஜைக்குப் பக்கத்திலேயே விரித்தேன். வகுப்பிலேயே நல்ல இடம் அதுதான், சத்தியமாகச் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் பாடம் எழுதச் சொல்லிவிட்டு, நாற்காலியில் இருந்தபடியே குனிந்து இவர்களுக்கு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தேன். காளியாயி ஒரு நாள் புளியங்கொட்டையாலேயே தன் பெயரின் முதல் எழுத்தை வைத்துவிட்டது. சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை, யாராவது காலால் கலைத்துவிடுவார்கள் என்று இரண்டு கையாலும் அதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தில் உனக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்தேன், எழுதியிருந்தால் இன்றைக்கு வெட்கப்பட்டிருப்பேன்.

அந்த வாரமே இருளாயி மார்க்கெட்டிலிருந்து திரும்பும் வழியில் பிள்ளையைப் பார்க்க ஜன்னல் பக்கம் வந்திருக்கிறாள். அவள் கண்ணில் பட்டது என்ன தெரியுமா? மற்றப் பிள்ளைகள் பெஞ்சில், தன் பிள்ளை தரையில். கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள், பிள்ளையின் கையைப் பிடித்தாள், சிலேட்டை எடுத்துக்கொண்டாள், எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கும்பிடு இருக்கிறதே, திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் மார்க்கெட்டுக்கே போனேன். உன் பிள்ளை படிக்க வேண்டும் என்றுதானே தனியாக வைத்தேன், புதுப் பாய் வாங்கிப் போட்டேனே என்று சொன்னேன். அவள் தலையில் இருந்த சும்மாட்டைக்கூட எடுக்காமல், "ஊர்ல எம் மூத்த பொண்ணையும் இப்புடித்தாங்க டீச்சரம்மா தனியா உக்கார வச்சாங்க, அங்க சாக்கு, இங்க கோரப் பாயி, அம்புட்டுத்தானே வித்தியாசம்" என்றாள். நான் அப்படியில்லை, உங்கள் தெருப் பிள்ளைகள் மட்டுமா இருக்கிறார்கள், பீடிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் நம் வேதக்காரப் பிள்ளைகளும்கூட அந்தப் பாயில்தான் என்று விளக்கினேன். அதற்கு அவள், "இவ ஒண்ணுமே படிக்காட்டியும் போவுதுங்க, எல்லாப் புள்ளைங்களோடயும் சமமா உக்காந்துட்டு வந்தாப் போதும்" என்றாள். ரோசரி, இத்தனை வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவள் நான். படிப்புக்காகத்தானே பள்ளிக்கூடம்? படிப்பு வராவிட்டாலும் பரவாயில்லை, உட்காரும் இடம் போதும் என்கிறாளே, அவள் சொல்வது தப்பு என்று நினைத்துக்கொண்டே வந்தேன், பாலக்கரை வருவதற்குள் தப்பில்லை என்று ஆகிவிட்டது, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மறுபடியும் தப்பு என்று தோன்றியது. என் சின்ன வயதில் மாதா கோயிலில் எந்தச் சாதியார் எந்தப் பக்கம் முழந்தாள் போடுவது என்று வைத்திருந்தார்கள், அதைக் கண்ணால் பார்த்து வளர்ந்த எனக்குப் பாயை விரிக்கும்போது அது ஏன் ஒரு கணம்கூட மனதில் வரவில்லை?

அப்பாவிடம் சொன்னால், "ஒர்க்‌ஷாப்ல ஒரு போல்ட்டுக்கு ஒரு ஸ்பேனர், நாங்க என்ன குழம்பிக்கிட்டா இருக்கோம்" என்று சிரிக்கிறார். போல்ட்டுக்கு ஆத்தா கிடையாது, வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக மாட்டாள் என்று சொன்னேன், அதோடு அடங்கினார். ஒரு சனிக்கிழமை டவுன் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போய், ட்ரெயினிங் ஸ்கூலில் என்னோடு படித்த ரெங்கநாயகியைக் கேட்டேன். அவளும் இத்தனை வருஷமாக டீச்சர்தானே. "பொதுவா எல்லாருக்கும் ஒண்ணா சொல்லிடணும்டி அக்னஸ், பிடிச்சுக்கறவா பிடிச்சுக்கட்டும், நீ ஏன் ஒவ்வொருத்தர் பின்னாடியும் அலையறே" என்றாள். இதைச் சொல்லிக்கொண்டே மாமியாருக்குக் குழைய வடித்த சாதம், பேரனுக்குக் காரமில்லாத ரசம், வீட்டுக்காரருக்கு உப்புக் குறைத்த கூட்டு என்று தனித்தனியாக எடுத்து மூடி வைத்துக்கொண்டிருந்தாள். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு ஒரு கோபத்தில், எல்லாருமே தரையில் உட்காரட்டும், அப்போது யார் என்ன சொல்வார்கள் பார்க்கலாம் என்று பெஞ்சுகளைத் தாழ்வாரத்தில் தள்ளிவிட்டேன். அறுபது பேரும் தரையில், எல்லார் கையிலும் புளியங்கொட்டை. இரண்டாம் நாளே தாஜுதீன் வந்தார். மனுஷர் கோபமாகக்கூடப் பேசவில்லை, "டீச்சர், எம் பொண்ணு வீட்ல பேப்பர் வாசிக்குது, இங்க வந்து புளியங்கொட்டை எண்ணுது, அதுக்கு எங்க கடைக்கு அனுப்புனா அங்கயே எண்ணுமே" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான், அதுதான் என் தலையெழுத்து, யார் வந்து என்ன சொன்னாலும் நியாயமாகவே இருக்கிறது. தலைமை சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, இது மூன்றாம் வகுப்பா இல்லை சந்தையா, ஒரு வகுப்புக்கு ஒரு பாடம், அதைத்தான் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார், சர்க்கார் கொடுக்கும் கிராண்ட் நின்றால் பள்ளிக்கூடமே நின்றுவிடும் என்று சொல்லிவிட்டார்கள். பெஞ்சுகள் திரும்ப உள்ளே வந்தன.

இதற்குள் தீபாவளியும் கழிந்தது. காளியாயியை முசிறிக்கு அனுப்பப் போகிறார்கள், அங்கே அவள் சித்திக்குப் பிரசவமாகியிருக்கிறது, பிள்ளை தூக்க ஆள் வேண்டுமாம் என்று வகுப்பில் ஒரு பிள்ளை வந்து சொல்லிற்று. முசிறி ஒன்றும் சீமையில் இல்லை, ஆனால் அங்கே போனால் அது திரும்பிப் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காது என்று எனக்கும் தெரியும், இருளாயிக்கும் தெரியும். மறுபடியும் மார்க்கெட்டுக்கு ஓடினேன். இன்னும் ஒரு வாரம் அனுப்பு, நீயே ஜன்னலில் நின்று பார், பிடிக்காவிட்டால் கூட்டிக்கொண்டு போ என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பெரிய மனது பண்ணிச் சரி என்றாள்.

என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாமல்தான் திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். பாயை விரித்தேன். பெஞ்சிலும் பிள்ளைகள், பாயிலும் பிள்ளைகள், நடுவில் நான் நின்றேன். நாற்காலியைப் பார்த்தேன். அதைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டுப் பாயில் போய் உட்கார்ந்துவிட்டேன். முட்டி இரண்டும் அலறின. டீச்சரே கீழே உட்கார்ந்ததும் வகுப்பு முழுக்கச் சிரிப்பு, பிறகு தாஜுதீன் மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் இடம் கேட்டு வந்தது, அதைப் பார்த்து இன்னும் நாலு பேர். இப்போது பாய்க்குத்தான் அடிதடி. நல்லதுதானே என்பாய். ஆனால் எழுத்துத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் வந்து என்னை ஒட்டி உட்கார்ந்துகொள்வதால் காளியாயி ஓரத்துக்குப் போய்விடுகிறது, அதற்கென்று வாங்கிய பாயில் அதற்கே இடமில்லை. தெலுங்குப் பிள்ளை கொஞ்சம் பேசுகிறது, பீடி வீட்டுப் பிள்ளைகள் பாயில் இன்னும் சுகமாகத் தூங்குகிறார்கள். நான் செய்தது பாடமா, கூத்தா, எனக்கே சொல்லத் தெரியவில்லை. இருளாயி மட்டும் தினமும் ஜன்னலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் பேசாமல் போனாள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சிஸ்டர் எல்லா டீச்சர்களையும் கூப்பிட்டு, வருகிற வியாழன் டெபுடி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றார்கள். என்னைத் தனியாக நிறுத்தி, புதன்கிழமையே பாயைச் சுருட்டி ஸ்டோர் ரூமில் போட்டுவிடுங்கள், எழுத்துத் தெரியாத பிள்ளைகளைக் கடைசி பெஞ்சுகளில் மற்றப் பிள்ளைகளுக்கு நடு நடுவில் உட்கார வையுங்கள், எல்லாரோடும் சேர்ந்து வாயசைத்தால் போதும், ஒரு நாள்தானே அக்னஸ் டீச்சர் என்றார்கள். சரி சிஸ்டர் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சிஸ்டரைக் குறை சொல்லவில்லை, கிராண்ட் வராவிட்டால் எல்லாருக்கும் சம்பளம் எங்கிருந்து வரும்? அன்று சாயங்காலம் இருளாயி ஜன்னலில் நின்றாள். பிள்ளைகள் இன்ஸ்பெக்டர், இன்ஸ்பெக்டர் என்று கத்திக்கொண்டிருந்தது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. அத்தனை நாள் பேசாதவள் அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, "டீச்சரம்மா, அந்த இன்சுபெட்டரு வர்ற அன்னிக்கும் நீங்க இந்தப் பாயிலதான் உக்காருவீங்களா?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதுபோல் கேட்டாள். அவள் பஸ்ஸையும்தான் மனதில் வைத்திருந்தாள், முசிறி பஸ். ஆமாம், உட்காருவேன் என்று சொல்லிவிட்டேன். காலையில் சிஸ்டருக்குத் தலையாட்டியதும் நான்தான், சாயங்காலம் இவளுக்கு வாக்குக் கொடுத்ததும் நான்தான்.

ரோசரி, நாளைக்குத் தபாலில் போட்டால் இது உன் கைக்கு வரும்போது வியாழன் போயிருக்கும், உன் யோசனை வந்து சேராது, தெரிந்தேதான் கேட்கிறேன், யாருக்குச் சொன்ன வார்த்தையை நான் காப்பாற்றுவது? இன்றைக்குப் பூசையில் முழந்தாளில் இருந்தேன், என்னவென்று வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. அந்த இன்ஸ்பெக்டர் மனுஷருக்கு ஜுரம் ஏதாவது வந்து அன்றைக்கு வராமல் போகட்டும் என்று முதலில் நினைத்தேன், அப்படி நினைத்தது பாவம், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டும். அவர் வராவிட்டால் நான் தப்பித்துக்கொள்வேன், இருளாயி கேட்டது கேட்டபடியே நிற்கும். அதனால் வரட்டும் என்றே வேண்டிக்கொண்டேன்.

தேவமாதா உன்னையும் மாப்பிள்ளையையும் பிறக்கப்போகும் பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். இரும்புச் சத்து மருந்தை மறக்காமல் குடி, கசக்கிறது என்று ஜன்னல் வழியாக ஊற்றிவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். உன் வகுப்பில் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கும்போது நீ எங்கே உட்காருகிறாய் என்பதை நீ எழுதவே இல்லை.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
அக்னஸ் அற்புதசாமி