துண்டு போட்ட பாறை

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று பாறை ஏறினேன். எழுதிவிட்டு மறுபடி படித்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான்.

ஏறுகிறவள் என் மனைவி. நான் கீழே கையை விரித்துக்கொண்டு நிற்கிற வீட்டுக்காரன் — பிடிக்க அல்ல, விழுகிறவளின் தலை தரையில் படாமல் மெத்தைப் பக்கம் தள்ளிவிட. காட்டுக்குள் இருக்கும் சின்னப் பாறைச்சுவர். இரண்டு ஆள் உயரம். கயிறு கிடையாது. ஒரு மெத்தை, ஒரு மனிதன், அவ்வளவுதான் பாதுகாப்பு. மெத்தை நான் தைத்தது. ஊரார் பேண்ட் இடுப்பையெல்லாம் பிரித்து அகலப்படுத்துகிறவனுக்கு அது ஒரு வேலையா? அவளுக்கு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. வீட்டில் இரண்டு பேருக்கும் ஊசிதான் பிழைப்பு. அதில் அவள் ஊசிக்கு மட்டும் வெளியூரிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு வருட ஒப்பந்தம். ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போகிற தூரம்.

போகும்போது பாறையில் ஏறும் ஒரு வழியை முடிக்காமல் விட்டுப்போனாள். வலது ஓரத்தில் பாறை தொப்பை தள்ளி நிற்கும் இடம். இதுவரை யாரும் ஏறாதது. ஞாயிறுதோறும் இங்கே ஏறவரும் எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது வழியை முயன்றுகொண்டிருப்பவர் கீழே மரவேரில் ஒரு துணியைக் கட்டிவைப்பார், பஸ் சீட்டுக்குத் துண்டு போடுவது போல. மற்றவர்கள் தொடமாட்டார்கள். ஒரு மாதம் முயற்சியே இல்லையென்றால் அவிழ்த்துவிடலாம். அவள் கட்டியது நீலத் துப்பட்டாவின் ஓரம். இத்தனை மாதம் முகதாட்சண்யத்தில் ஓடியது.

இன்று கூட்டத்துப் பல் டாக்டர் ஆரம்பித்தார். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர். பதில் பேச்சு பிடிக்காது.

"அவிழ்த்துரலாமே. பாவம், பல்லியும் எவ்ளோ நாள் பாத்துக்கிட்டே நிப்பா?"

பல்லி, பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவள். சுவரில் ஒட்டினால் வரமாட்டாள் என்பதால் அந்தப் பெயர். அவளை விட்டால் ஒரே மாலையில் முடித்துவிடுவாள்.

"வீட்டாள் முயற்சி பண்ணாலும் செல்லும் டாக்டர்," என்றேன்.

"எந்த வீட்டாள்?"

"ஏன், நான் இல்ல?"

அவர் என் தொப்பையைப் பார்த்தார். பிறகு பாறையின் தொப்பையைப் பார்த்தார். "சரி, ரெண்டும் சந்திக்கட்டும்."

என் இரண்டு கால்களும் தரையை விட்டன. அதற்குமேல் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. மெத்தைத் தையல் உறுதி.

பிப்ரவரி 12

மெஷின் மிதியை மிதிக்க முடியவில்லை. டாக்டரின் பேண்ட் காத்திருக்கட்டும்.

பிப்ரவரி 15, வியாழன்

போனில் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரி வந்து என்னவென்று கேட்டாளாம்.

"எடது கை எங்க வச்சீங்க?"

"வச்ச இடத்துல வச்சேன்."

"அய்யோ. கட்டைவிரலையும் உள்ள மடக்கணும். அப்புறம் வலது குதிகாலை மேல கொக்கி மாதிரி மாட்டுங்க. வயித்தைக் கல்லோட ஒட்டுங்க."

"அது தானா ஒட்டிக்குது."

இத்தனை மாதமாகக் கரண்ட் பில், தண்ணி மோட்டார் என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். இன்று போனை வைக்க இரண்டு பேருக்குமே மனசில்லை.

மார்ச் 10, ஞாயிறு

குதிகால் மாட்டிக்கொண்டது. ஒரு கணம் பூமிக்கும் எனக்கும் சம்பந்தமில்லாமல் தொங்கினேன். பிறகு சம்பந்தம் ஏற்பட்டது.

தொப்பைக்கு அடியில் மழை படாத ஒரு குழி. அதனருகே, கை வழுக்காமலிருக்கப் பூசும் சாக்பொடியில் ஒரு சின்னக் கோடு, அவள் இழுத்தது. எங்கே விரல் வைக்கவேண்டும் என்ற அடையாளம். அந்தக் குழிக்குள் என் விரல் போனபோது — போன இடத்திலேயே இருக்கட்டும் என்று தோன்றியது. கை நழுவியது வேறு விஷயம்.

கிளம்புமுன் சாக்பொடித் தடங்களைப் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைப்பது மரியாதை. நான் என் தடங்களை மட்டும் தேய்த்தேன்.

"அண்ணே, அங்க ஒரு கோடு விட்டுப்போச்சு," என்றாள் பல்லி.

"தெரியும்மா."

அவள் பிரஷ்ஷை வாங்கிப் பைக்குள் போட்டுவிட்டாள்.

ஏப்ரல் 4, வியாழன்

இந்த வியாழன் போனில் அவள் பாறையைப் பற்றிக் கேட்கவில்லை. நானாகத்தான் "துண்டு பத்திரமா இருக்கு, நீ வந்து முடிக்கவேண்டியதுதான்" என்றேன். "ம்" என்றாள். சாப்பிட்டீர்களா என்று இரண்டு தரம் கேட்டாள். ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்கிறவள் இல்லையே அவள்?

ஏப்ரல் 21, ஞாயிறு

மேல் விளிம்பு கையில் கிடைத்தது. இரண்டு கையிலும். முழங்கையை மேலே போட்டு எழுந்து நின்றால் முடிந்தது. கீழே டாக்டர், "யோவ், அவ்ளோதான்யா, எழுந்திரு," என்று கத்துகிறார். என்னால் முடியும் என்று அப்போது எனக்கே தெரிந்தது.

கையை விட்டுவிட்டேன்.

"வழுக்கிருச்சு," என்றேன். பல்லி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

முடித்திருந்தால் துண்டை அவிழ்க்கவேண்டும். அவிழ்த்துவிட்டால் அவள் இங்கே திரும்பிவர என்ன மிச்சம் இருக்கு? வீடா? அதுல நான்தான் இருக்கேன். ஒரு கல்லைக் காட்டி பொண்டாட்டியைக் கூப்பிடுற ஆளு நான் ஒருத்தன்தான். கல்லுக்காகவாடா வருவா? — எனக்காக வான்னு வாயைத் திறந்து கேட்டா என்ன?

ஏப்ரல் 22, திங்கள்

வியாழன் வரை காத்திருக்காமல் அவளே கூப்பிட்டாள். பல்லி வேலை.

"கையை விட்டுட்டீங்களாமே."

"வழுக்கிருச்சு."

"பொய்."

பிறகு சொன்னாள். அங்கேயே நிரந்தர வேலை கொடுக்கிறார்களாம். போன மாதமே சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டாளாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"எப்படிச் சொல்றது? ஒவ்வொரு வாரமும் துண்டு இருக்கு, துண்டு இருக்குங்கிறீங்க. என் துண்டுக்காக ஒடம்பைப் புண்ணாக்கிக்கிட்டுத் தொங்குற மனுஷன்கிட்ட."

"அப்ப நான்?"

"உங்க மெஷின் இங்க வந்தா தைக்காதா? வாங்கன்னு கேக்கணும்னு எத்தனை தடவை வாய் வரைக்கும் வந்துச்சு தெரியுமா. நீங்க காட்டுல புதுசா ஏறக் கத்துக்கிட்டு, அவ்ளோ சந்தோஷமா வேற பேசுறீங்க. அந்தக் கல்லை விட்டு வரமாட்டீங்கன்னு நெனச்சேன்."

"எனக்குக் கல்லே ஆகாது. முக்காலி மேல ஏறவே பயம்."

"பின்ன எதுக்கு ஏறுனீங்க?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எந்தப் பக்கத்திலிருந்து என்று எழுதமாட்டேன்.

ஏப்ரல் 23

மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டேன்.

மே 5, ஞாயிறு

துண்டை அவிழ்த்தேன். அவள் போட்ட முடிச்சு, நகம் உடைந்தது. மழையிலும் வெயிலிலும் நீலம் போய்ச் சாம்பலாகியிருந்தது, முடிச்சின் உட்பக்கம் மட்டும் அதே நீலம். சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"அண்ணே, முதல்ல நீங்க ஏறுங்க. உங்களுக்கு வரும்," என்றாள் பல்லி.

"வரும்மா. வேண்டாம்."

அவள் ஏறினாள். தொப்பையைத் தாண்டி விளிம்பில் எழுந்து நின்று மரங்களைப் பார்த்தாள். அங்கிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டேன். "ஒண்ணுமில்லண்ணே, இன்னும் மரம்தான்," என்றாள்.

கிளம்புமுன் எல்லாத் தடங்களையும் துடைத்தேன். அந்தக் கோட்டையும்.

டாக்டர் என் கையில் ஒரு பேண்ட்டைத் திணித்தார். "போறதுக்குள்ள தச்சுக் குடுத்துரு. வேற எவன்கிட்டயும் என் இடுப்பைச் சொல்ல முடியாது."

மே 26, ஞாயிறு

இங்கே அவள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு பாறை இருக்கிறது, யானைக்குட்டி அளவில். யாரும் துண்டு போட்டிருக்கவில்லை. அவள் ஏறினாள். நான் கையை விரித்துக்கொண்டு கீழே நின்றேன். விழுந்தாள்.

மெத்தையின் வலது ஓரம் தையல் விட்டுவிட்டது. புது வீட்டில் மெஷினைப் போட்டு முதலில் தைத்தது அதைத்தான். உள்ளே ஒட்டுக்கு வேறு துணி அகப்படவில்லை. சட்டைப்பையில் இருந்ததை வைத்துத் தைத்துவிட்டேன்.